மலாவியில் அருட்சகோதரிகள் நடத்தும் மருத்துவமனையில் இரண்டு வருட டாக்டர் வேலை: போகலாமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து, குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற மேற்படிப்புப் பட்டமும் வாங்கியிருக்கிறேன். வயது 33. மதுரையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் நாலு வருடமாக டூட்டி டாக்டர். மனைவி பி.எஸ்சி. நர்சிங். மகளுக்கு நாலு வயது.

என்னோடு படித்த ஒருவர் மூலமாக மலாவியில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்தும் கிராமப்புற மருத்துவமனை ஒன்றில் இரண்டு வருட ஒப்பந்தம் வந்திருக்கிறது. வீடு கொடுப்பார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. நாங்கள் இந்துக் குடும்பம், அது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போகவேண்டும் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனால் அப்பா, "நம்ம ஊர்ல நோயாளியே இல்லையாடா?" என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் வேலை பார்த்தவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மருத்துவம், பணம், குடும்பம் எல்லாமே.

---

ஏரிக்காற்று எழுதியது:

தம்பி, நான் மலாவி ஏரியை ஒட்டிய ஒரு மாவட்டத்தில், ஒரு கிறிஸ்தவ சபை நடத்திய மருத்துவமனையில் 2015 முதல் 2018 வரை இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லவில்லை. கீழே எழுதப்போவதில் சில அங்கே இன்னும் வேலை செய்கிறவர்களைச் சங்கடப்படுத்தலாம்.

முதலில் அந்த நாட்டு அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மலாவியில் அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். ஆனால் அவை எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத இடங்களில் பெரும்பாலும் சபை ஆஸ்பத்திரிகள்தான். கத்தோலிக்கர், பிரஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன், அட்வென்டிஸ்ட் என்று பல சபையினர் நடத்துபவை 1966-லிருந்து ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. அங்கே அதைச் சுருக்கமாக 'சாம்' என்பார்கள். நாட்டின் மருத்துவ சேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவர்கள் கையில் இருக்கிறது. உள்ளூர் ஊழியர்களின் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கிறது. ஆகவே நீங்கள் போவது ஏதோ ஒதுக்குப்புறத்து தர்ம ஆஸ்பத்திரிக்கு அல்ல. பல லட்சம் பேருக்கு அதுதான் ஜி.எச்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். அங்கே ஆஸ்பத்திரியைத் தாங்கிப் பிடிக்கிறவர் டாக்டர் இல்லை, கிளினிக்கல் ஆபீசர். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. 1976-லிருந்து இவர்களைத் தயார் செய்கிறார்கள். 1991 வரை மலாவியில் மருத்துவக் கல்லூரியே கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். மாவட்ட அளவில் சிசேரியன்களில் பெரும்பகுதியை இவர்கள்தான் செய்கிறார்கள். எலும்பு முறிவு, குடல் அடைப்பு, கை கால் எடுப்பது எல்லாம் இவர்கள்தான். மயக்க மருந்து கொடுக்கிறவரும் பெரும்பாலும் டாக்டர் இல்லை.

எனக்கு இது முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்து ஒன்பதாவது நாள், பிப்ரவரி மாதம், மழைக்காலத்தின் உச்சம். குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள். எல்லாம் மலேரியா. இரவு பதினொரு மணிக்கு இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை அதன் பாட்டி முதுகில் கட்டிக்கொண்டு வந்தார். கை கால் ஜில்லென்று இருக்கிறது, மூச்சு இரைக்கிறது, நாக்கு காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறது. ஹீமோகுளோபின் 3-க்குச் சற்று மேலே. எனக்குப் பழகிய கை, சலைனை வேகமாக ஏற்றச் சொல்லிவிட்டேன். கிலோவுக்கு 20 மில்லி.

டூட்டியில் இருந்த கிளினிக்கல் ஆபீசர் என்னைவிட வயதில் மூத்தவர். ட்ரிப் செட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். "அடொகொடாலா, மன்னிக்கணும். இந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம், ரத்தம் வேண்டும்" என்றார். டாக்டரை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நான் முகம் சுளித்தேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் சத்தமே போடாமல் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் விளக்கினார்.

கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளிலும் சேர்த்து 3,141 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த பிள்ளைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றினால் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்து பேருக்குச் சற்று மேல். அப்படி ஏற்றாமல் விட்டவர்களில் 7.3 பேர். நாம் காப்பாற்றுவதாக நினைத்துக் கொடுப்பதுதான் கொல்கிறது. வயிற்றுப்போக்கில் வற்றிப்போன பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்கள் கதை வேறு. ஆனால் மலேரியாவில் ரத்தம் வற்றி இதயம் திணறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு சலைனைக் கொட்டுவது தப்பு. எனக்கு அந்த ஆய்வு பெயரளவில் தெரியும். அவருக்கு அது கையில் இருந்தது.

அன்றிரவு பிள்ளையின் மாமன் ரத்தம் கொடுத்தார். மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசியும் போட்டோம். விடியற்காலையில் அந்தக் குழந்தை பாட்டியின் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போங்கள். ஆனால் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று போகாதீர்கள். முதல் ஆறு மாதம் அவர்கள் பின்னால் நடங்கள்.

---

கேள்விக்குறி எழுதியது:

மனசில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுக்கவேண்டாம். இந்த ஆஸ்பத்திரிகள் எல்லாம் மதம் பரப்பத்தானே தொடங்கப்பட்டவை? ஸ்காட்லாந்துப் பாதிரிமார்கள் 1875-ல் ஏரிக்கரையில் இறங்கியபோதே கூட டாக்டர் இருந்தார். வேதத்தோடு மருந்தும் வந்தது, பின்னால் காலனி ஆட்சியும் வந்தது. நாம் ஏன் அதற்குத் தோள் கொடுக்கவேண்டும்? இரண்டாவது, இவர் அப்பா கேட்ட கேள்வி நியாயமானது. தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் ஒரு டாக்டர் தம்பதி 1993-லிருந்து மலைவாழ் மக்களுக்காக ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். அங்கே போகலாமே. மூன்றாவது, ஏரிக்காற்று சொல்வதைப் பார்த்தால் எல்லாம் கிளினிக்கல் ஆபீசரே செய்கிறார். அப்புறம் இவர் எதற்கு?

---

சிஸ்டர்_சிவகங்கைச்சீமை எழுதியது:

வணக்கம். நான் துறவற சபையைச் சேர்ந்தவள், தொழிலில் நர்ஸ். மலாவியில் பதினோரு வருடம் இருந்துவிட்டு இப்போது ஜாம்பியாவில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டும்.

ஆரம்பம் அப்படித்தான். மறுக்கமாட்டேன். இன்று மலாவியில் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள், மதம் மாற்ற ஆள் தேடும் நிலைமை இல்லை. ஏரியின் தெற்குக் கரையில் யாவோ இன முஸ்லிம்கள் நிறையப் பேர். எங்கள் பிரசவ வார்டில் பாதிப் பேர் அவர்கள்தான். ரம்ஜான் மாதத்தில் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுப்போம். உகாண்டாவில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், முஸ்லிம்கள் மூவருக்குமே தனித்தனி மருத்துவக் கூட்டமைப்பு இருக்கிறது, மூன்றும் அரசோடு சேர்ந்து வேலை செய்கின்றன. காலையில் ரவுண்ட்ஸுக்கு முன் ஜெபமும் பாட்டும் உண்டு. அங்கேதான் இரவு நடந்ததை எல்லாருக்கும் வாசிப்பார்கள். எத்தனை பிரசவம், எத்தனை இறப்பு, எந்த மருந்து தீர்ந்துபோனது, எல்லாம் அங்கேதான் தெரியும். ஆகவே டாக்டர், ஜெபத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வந்து உட்காருங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாகவேண்டும். கத்தோலிக்க ஆஸ்பத்திரியில் கருத்தடை மருந்தோ, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனோ கிடையாது. மூன்றாவது சிசேரியனுக்கு வரும் பெண், "இத்தோடு போதும், கட்டிவிடுங்கள்" என்று கேட்பாள். உங்களால் செய்ய முடியாது. பிரஸ்பிட்டேரியன் சபை ஆஸ்பத்திரிகளில் இந்தத் தடை இல்லை. நான் துறவி, என் சபையின் போதனையை ஏற்றவள். இருந்தாலும் அந்தப் பெண்ணின் முகம் எனக்கு மறக்கவில்லை. பக்கத்து அரசு நிலையத்துக்கு எழுதிக் கொடுக்கலாமா, எப்படிச் சொல்லலாம் என்பதை நிர்வாக சிஸ்டரிடம் சேர்வதற்கு முன்பே பேசிவிடுங்கள். சேர்ந்த பிறகு தியேட்டரில் நின்றுகொண்டு சண்டை போடுவது யாருக்கும் நல்லதல்ல. குழாய்க் கர்ப்பம் வெடித்து வந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், உடனே வயிற்றைத் திறப்போம். அதில் பயம் வேண்டாம்.

அப்புறம் கட்டணம். அரசில் இலவசம், எங்களிடம் காசு. பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைக்கும், சில இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், அரசாங்கம் ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போட்டுப் பணத்தைத் தானே தருகிறது. அந்த ஒப்பந்தம் வந்த ஊர்களில் கர்ப்பிணிகள் வீட்டில் பெறுவதை விட்டுவிட்டு எங்களிடம் வர ஆரம்பித்தார்கள். நான் கண்ணால் பார்த்தது. பணம் வரத் தாமதமானால் ஆஸ்பத்திரி கடன்காரனாகிவிடும், கையுறை வாங்கக்கூட யோசிப்போம். அந்த மாதங்களில் கட்டணம் திரும்ப வந்துவிட்டால் அம்மாக்கள் காணாமல் போவார்கள். ஒரு வாரம் கழித்து, கருப்பை கிழிந்த நிலையில் மாட்டு வண்டியில் வருவார்கள். உங்கள் மருத்துவமனையில் எந்தெந்த சிகிச்சைக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள் டாக்டர். அது தெரிந்தால் உங்கள் வார்டு எப்படி இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

---

ஏரிக்காற்று எழுதியது:

சிஸ்டர் சொன்னது முழுக்க உண்மை. கட்டணம் பற்றி நான் எழுதத் தயங்கினேன், அவர் எழுதிவிட்டார்.

கேள்விக்குறி அண்ணாவின் மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. டாக்டர் எதற்கு? நானும் முதல் வருடம் முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கல் ஆபீசர் ஒருவர் ஒரே நாளில் 120 பேரை ஓ.பி.யில் பார்த்துவிட்டு இரவு தியேட்டருக்கும் போகிறார். வழக்கமான நோய்களில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். வழக்கத்துக்கு மாறானது வரும்போது அவருக்கு உட்கார்ந்து யோசிக்க நேரமும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. மலேரியா மருந்துக்குக் கேட்காத காய்ச்சல், எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிறவர், சர்க்கரை நோயா இல்லையா என்றே தெரியாமல் மயங்கி வரும் இருபது வயதுப் பையன், வருடக்கணக்கில் வலிப்போடு அடுப்பில் விழுந்து வெந்த பெண். இங்கேதான் நாம் படித்த படிப்பு உதவும். பிறகு இறப்புகளை உட்கார்ந்து அலசுவது. யார் மேலும் பழி போடாமல், இந்தக் குழந்தை வாசலுக்கு வந்தது எத்தனை மணிக்கு, முதல் ஊசி போட்டது எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்ப்பது.

பிளான்டைர் நகரத்தின் குயின் எலிசபெத் மருத்துவமனையில் 2001 வாக்கில் குழந்தைகள் ஓ.பி.யை மாற்றி அமைத்தார்கள். பெரிய இயந்திரம் ஒன்றும் வாங்கவில்லை. வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் யார் சாகக் கிடக்கிறது என்று முதலில் பார்த்துப் பிரித்தெடுத்தார்கள், ஓ.பி.யையும் வார்டையும் நெருக்கிவைத்தார்கள். அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளில் இறப்பு 10 முதல் 18 சதவீதம் வரை இருந்தது 6 முதல் 8 சதவீதமாக இறங்கியது. நானும் அதைப் பார்த்து எங்கள் ஊரில் ஒரு படிவம் தயாரித்தேன். இரண்டு பக்கம், அழகாக, கட்டம் போட்டு. நான் விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஆறு வாரத்தில் அது நின்றுபோனது. யாரையும் கேட்காமல் நானே தயாரித்தது, யாருக்கும் அது தங்களுடையது என்று தோன்றவில்லை. திரும்பிப் போனதும் வார்டு பொறுப்பு நர்ஸிடம் கேட்டேன். அவர் சொன்னது எளிமையானது: வாசலில் பதிவு போடும் அம்மாவுக்கு மூன்றே விஷயம் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள், உள்ளங்கை வெளுத்திருக்கிறதா, மூச்சு இரைக்கிறதா, பிள்ளை விழித்துப் பார்க்கிறதா. அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். வெளுத்த உள்ளங்கையைக் கண்டால் வரிசையை விட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். நான் கிளம்பி இத்தனை வருடமாகியும் அது நடக்கிறது.

அப்பாவின் கேள்விக்கு: சிட்டிலிங்கிக்குப் போவதும் இதைவிடக் குறைந்ததல்ல. இரண்டில் எது பெரிது என்று நான் பார்க்கவில்லை. மனசு எங்கே இழுக்கிறதோ அங்கே நீண்ட நாள் இருக்க முடியும்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர், ஒப்பந்தம் பற்றிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைக்கும் உண்டாம், பெரிய பிள்ளைகளுக்கு இல்லையாம்.

இரண்டு பயம் இருக்கிறது. ஒன்று, நான் சிசேரியன் உதவியாளராக மட்டும் நின்றிருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை. இரண்டு, ஊசிக் குத்து, எச்.ஐ.வி., எபோலா என்று மனைவி கவலைப்படுகிறார்.

---

குலுகுலு_பிரசவ_டாக்டர் எழுதியது:

நான் மகப்பேறு மருத்துவர், உகாண்டாவில் ஒரு சபை மருத்துவமனையில் ஐந்து வருடம். மலாவி எனக்குத் தெரியாது, சிசேரியன் தெரியும்.

தம்பி, இங்கிருந்து கிளம்புவதற்கு முன் மூன்று மாதம் ஒரு அரசு மகப்பேறு வார்டில் நில்லுங்கள். சிசேரியனைவிட, வாக்குவம் என்ற உறிஞ்சும் கருவியைப் போட்டுப் பிள்ளையை எடுப்பதையும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்துவதையும் கற்றுக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் போடும் சிசேரியன் அங்கே அடுத்த பிரசவத்தில் தாயைக் கொல்லும். அடுத்த பிள்ளைக்கு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வாளா என்று யாருக்கும் தெரியாது, தழும்பு கிழிந்துபோகும். அங்கே போனதும், ஏரிக்காற்று டாக்டர் சொல்வதுபோல, கிளினிக்கல் ஆபீசருக்கு இருபது முப்பது கேஸ் உதவியாளராக நில்லுங்கள். வெட்கமே வேண்டாம்.

மனைவியின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வடக்கு உகாண்டாவில் குலு பக்கம் லாச்சோர் என்ற கத்தோலிக்க மருத்துவமனை இருக்கிறது. 1959-ல் கொம்போனி சபையினர் தொடங்கியது. 1961-ல் இத்தாலியைச் சேர்ந்த பியரோ கோர்ட்டியும் கனடாவைச் சேர்ந்த லூசில் டீஸ்டேலும் வந்தார்கள், கணவன் மனைவி, இருவரும் டாக்டர்கள். லூசில் அறுவை நிபுணர். போரில் காயப்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்யும்போது எலும்புத் துண்டுகள் கையில் கிழித்து எச்.ஐ.வி. தொற்றியது. தொற்றிய பிறகும் வருடக்கணக்கில் வேலை பார்த்தார். 1996-ல் இறந்தார். அப்போது குத்துப்பட்ட பின் போட்டுக்கொள்ளும் மருந்து கிடையாது. இப்போது உண்டு: 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள். சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது, முதல் சில மணி நேரத்திலேயே. அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, இரவில் சாவி யாரிடம் என்று சேர்ந்த முதல் நாளே கேளுங்கள்.

அதே லாச்சோரில் மேத்யூ லுக்வியா என்று உகாண்டாக்காரர் ஒருவர் மருத்துவக் கண்காணிப்பாளராக இருந்தார். 2000 அக்டோபரில் அவருடைய நர்சிங் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறக்க, பதிவேடுகளை இரவெல்லாம் உட்கார்ந்து புரட்டி, இது எபோலாவாக இருக்கலாம் என்று கண்டுபிடித்துத் தலைநகருக்குச் சொன்னார். 425 பேருக்கு நோய் வந்தது, 224 பேர் இறந்தார்கள். ஊழியர்கள் பயந்து நின்றபோது அவர்களோடு வார்டில் நின்றார். அந்த டிசம்பர் 5-ம் தேதி அவரும் அதே நோயில் போனார். வெள்ளைக்கார டாக்டர்களைப் பற்றி உலகம் முழுக்கப் பேசுவார்கள், லுக்வியாவைப் பற்றி நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேள்விக்குறி அண்ணன் கேட்டாரே, இந்த ஆஸ்பத்திரிகள் மதம் பரப்பத்தானே தொடங்கப்பட்டவை என்று. எனக்கு லாச்சோர் அந்த மனிதருடையது. கோர்ட்டி தம்பதியும் அதைத்தான் விரும்பினார்கள். இன்று அதை நடத்துகிறவர்கள் உகாண்டாக்காரர்கள்.

ஒரு கோரிக்கை. மூன்று வாரம், ஒரு மாதம் என்று வருகிறவர்களால் எங்களுக்குச் சிரமம்தான் அதிகம். அவர்களைப் பழக்குவதற்குள் விமானம் ஏறிவிடுவார்கள். இரண்டு வருடம் என்றால் முழுதாக இருங்கள்.

---

கேள்விக்குறி எழுதியது:

லுக்வியாவைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. தேடிப் படித்தேன். நான் முதலில் எழுதியதில் வரலாறு பற்றிய பகுதியை மாற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் "தோள் கொடுப்பது" என்ற வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். அங்கே மக்கள் ஆஸ்பத்திரியை நம்புகிறார்களா?

---

ஏரிக்காற்று எழுதியது:

நம்புகிறார்கள், கூடவே பயப்படுகிறார்கள். 2017-ல் தெற்கு மாவட்டங்களில் ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் ஊருக்குள் திரிகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. சந்தேகப்பட்டவர்களை ஊர்க்கும்பல்கள் அடித்தே கொன்றன. ஐ.நா. சபை முலாஞ்சி, பலோம்பே மாவட்டங்களிலிருந்து தன் ஊழியர்களை வெளியேற்றியது. எங்கள் மாவட்டம் தூரம்தான், ஆனாலும் அந்த மாதங்களில் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை என்றாலே பாட்டிமார் முகம் மாறும். ரத்தத்தை அங்கே 'மகாசி' என்பார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு மனிதன் சின்னக் குழாயில் மகாசி எடுத்துக்கொண்டு ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆய்வகத்துக் கதவைத் திறந்துவைத்தோம். மைக்ராஸ்கோப்பில் பாட்டிகளையே பார்க்கச் சொன்னோம். சிலர் பார்த்தார்கள், சிலர் சிரித்துக்கொண்டே மறுத்தார்கள். ரத்தம் எடுப்பதை யாரும் தடுக்கவில்லை.

மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. சிச்சேவா கடினமில்லை. 'முலி ப்வாஞ்சி' என்றால் சௌக்கியமா. வயிற்றுப்போக்குக்கு அவர்கள் சொல்லும் வார்த்தைக்கு 'வயிறு திறந்துகொண்டது' என்று பொருள். காசநோயை 'பெரிய இருமல்' என்பார்கள். மிக முக்கியமான சொல் 'பெபானி'. கல் தடுக்கினாலும் பெபானி, பிள்ளை இறந்தாலும் பெபானி. மன்னிப்பும் அதுதான், ஆறுதலும் அதுதான். இறந்த பிள்ளையின் தாயிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் தரையில் உட்காருவார்கள் அந்த ஊர் நர்ஸுகள். நானும் உட்காரக் கற்றுக்கொண்டேன்.

---

சிஸ்டர்_சிவகங்கைச்சீமை எழுதியது:

நோயாளியோடு வரும் உறவுக்காரரை அங்கே 'கார்டியன்' என்பார்கள். சமைப்பதும் குளிப்பாட்டுவதும் அவர்தான். அவர்கள் தங்குவதற்கு ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு கொட்டகை இருக்கும், விறகடுப்புகள் வரிசையாக. உங்கள் மனைவி நர்ஸ் என்கிறீர்கள், அவர் முதல் வாரம் அந்தக் கொட்டகையில் போய் உட்காரட்டும். எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எந்த நோயாளி மருந்தை மண்ணில் துப்பினார், யார் ராத்திரி மந்திரவாதியிடம் போய்விட்டு வந்தார், எல்லாம் அங்கே தெரியும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். அவர்கள் சாப்பிடும் 'ந்சிமா' நம் களிதான், வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டுவது. பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டுச் செய்யும் கூட்டு நன்றாக இருக்கும். 'உசிபா' என்று ஏரியில் பொடி மீன், காயவைத்தது. நெத்திலிக் கருவாடு என்றே நினைத்துக்கொண்டு குழம்பு வையுங்கள். துவரை அங்கே வயலில் விளைகிறது, இந்தியாவுக்கே ஏற்றுமதி செய்கிறார்கள். சாம்பாருக்குப் பஞ்சமில்லை. ஏரியில் மட்டும் பிள்ளையைக் குளிக்கவிடாதீர்கள். நத்தை வழியாக பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் வரும்.

---

ஏரிக்காற்று எழுதியது:

பணம் பற்றி யாரும் எழுதவில்லை. சம்பளத்தை எந்தக் காசில் தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். 2023 நவம்பரில் ஒரே நாளில் அந்த நாட்டு குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள், டாலரின் விலை குவாச்சாவில் 44 சதவீதம் ஏறியது. குவாச்சாவில் சம்பளம் வாங்கியவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பதவிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி திடீரென்று நின்றபோது எச்.ஐ.வி. பிரிவுகளில் இருந்த பலருக்கு வேலை போனது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், மூன்று பேரும். வழியில் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ இறங்கி மாறுவீர்கள். திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்தில் தனிமைப்படுத்தக்கூடும். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியாவுக்கு வலையும் தடுப்பு மாத்திரையும், பிள்ளைக்கு எடைக்கேற்ற அளவில்.

---

வைகைக்கரை எழுதியது:

எட்டு மாதம் ஆகிவிட்டது, இந்தப் பக்கம் வர நேரமில்லை. வந்துவிட்டோம். மூன்று பேரும் நலம். மகள் இப்போது என்னைவிட நன்றாக சிச்சேவா பேசுகிறாள். அப்பா தினமும் இரவு வீடியோவில் வருகிறார். முதல் மாதம் திட்டினார், இப்போது வார்டில் இருக்கும் பிள்ளைகளை அடையாளம் வைத்து விசாரிக்கிறார். "அந்த மஞ்சள் சட்டைக்காரன் எழுந்திரிச்சானா?" என்று.

நீங்கள் சொன்னபடி பின்னால்தான் நடந்தேன், ஆறு மாதம் இல்லை, நாலு மாதம். முப்பத்தொன்றாவது சிசேரியனில் கத்தியை என் கையில் கொடுத்தார் எங்கள் கிளினிக்கல் ஆபீசர். மனைவி கார்டியன் கொட்டகையில்தான் பாதி நேரம்.

ஏரிக்காற்று அண்ணா, மழை ஆரம்பித்துவிட்டது. நேற்று குழந்தைகள் வார்டில் 74 பேர், கட்டில் 30. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இரண்டு இருந்தது. ஒன்றில் ஓட்டம் வருகிறது, ஆனால் பிள்ளையின் ஆக்சிஜன் அளவு ஏறவே இல்லை. இன்னொன்றில் மாற்றியதும் ஏறியது. மின்சாரம் போனால் இரண்டும் படுத்துவிடும். போன வாரம் அப்படி ஒரு பிள்ளையை இழந்தோம். ஜெனரேட்டர் ஓட்ட டீசல் எடுக்க ஆள் போய் வருவதற்குள் முடிந்துவிட்டது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

---

ஏரிக்காற்று எழுதியது:

பெபானி தம்பி. அந்த இரவை எனக்கும் தெரியும்.

ஓட்டம் வருகிறது, அளவு ஏறவில்லை என்றால் உள்ளே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் சல்லடைப் படுகை ஈரத்தில் கெட்டிருக்கும். வெளியே வருவது வெறும் காற்று. ஆக்சிஜன் அளக்கும் சின்னக் கருவி இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியில் இரவல் வாங்குங்கள். 82 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அந்த மிஷினை வார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இருப்பதாக நினைத்துப் பிள்ளையை அதில் மாட்டுவதுதான் ஆபத்து. பின்பக்க வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, முழுசாகக் காயவைத்துப் போட ஒரே ஆளை நியமியுங்கள். துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் போதும், அவர் பெயரை மிஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

நல்ல மிஷின் ஐந்து லிட்டர் தருமானால் பிரித்து விடும் குழாய் மாட்டி நாலைந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஆளுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர். பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துத் தினம் இரண்டு தடவை பார்த்து, தேவையில்லாத பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

மின்சாரத்துக்கு: ஒரு பெரிய சிலிண்டர், எப்போதும் நிரப்பியபடி, கட்டிலுக்குப் பக்கத்தில், திறக்கும் ஸ்பானரைச் சங்கிலியால் அதிலேயே கட்டி. டீசல் ஒரு கேன் வார்டிலேயே வேண்டாம், தீப்பிடிக்கும். ஜெனரேட்டர் அறையில் பூட்டி, சாவியை இரவு டூட்டி நர்ஸிடம் கொடுங்கள், ஸ்டோர் கீப்பர் வீட்டில் வேண்டாம். எங்கள் ஊரில் அந்தச் சாவியை வாங்க எனக்கு ஏழு மாதம் ஆனது. நீங்கள் நாளைக் காலை ஜெபத்தில், எல்லாரும் இருக்கும்போது, இறந்த பிள்ளையின் விவரத்தை வாசித்துவிட்டு அப்போதே கேட்டுவிடுங்கள்.